குறியீட்டைக் காக்கும் நொதிகளும் அவற்றை முடக்கும் இயற்கை மருந்துகளும்

பாக்டீரியாக்களின் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ரைபோசோம் என்னும் உயிரணுத் துகளைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது. ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின், குளோராம்பெனிகால், எரித்ரோமைசின் என்று மண்வாழ் நுண்ணுயிர்களிடமிருந்து முதலில் பெறப்பட்ட புகழ்பெற்ற நுண்ணுயிர் எதிர்ப்பிகள் அனைத்தும் அங்கேதான் சென்று தைக்கின்றன. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் தாமஸ் ஸ்டைட்ஸும் அடா யோனத்தும் ரைபோசோமின் அணு அளவிலான அமைப்பை வெளிப்படுத்தியதற்காக 2009இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றபோது அந்தத் துகளின் புகழ் மேலும் உயர்ந்தது. ஆனால் ரைபோசோமுக்கு வேண்டிய மூலப்பொருளைப் பொறுக்கியெடுத்துத் தரும் பொறுப்பு வேறொரு நொதிக் குடும்பத்திடம் இருக்கிறது; அந்த நொதிகளைத் தாக்கும் மருந்துகளையும் இயற்கை உண்டாக்கி வைத்திருக்கிறது; பரிசுக்குப் பத்தாண்டு முன்னரே, 1999இல், அதே ஸ்டைட்ஸின் ஆய்வுக்குழு அத்தகைய நொதி ஒன்று மருந்தின் பிடியில் கிடக்கும் கோலத்தைப் படிக அமைப்பாக வெளியிட்டிருந்தது. அமினோ அசைல் கடத்து ஆர்.என்.ஏ. சிந்தடேஸ் என்னும் நீண்ட பெயர் கொண்ட அந்த நொதிகளே இக்கட்டுரையின் பொருள். சுருக்கம் கருதி அவை இங்கு இணைப்பு நொதிகள் எனப்படும்.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் குறித்த வரிசையில் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. அந்த வரிசை டி.என்.ஏ.யில் எழுதப்பட்டு, தூது ஆர்.என்.ஏ.யாகப் படியெடுக்கப்பட்டு, ரைபோசோமில் மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்படுகிறது. ஆனால் மூன்றெழுத்துச் சொல்லுக்கும் அது குறிக்கும் அமினோ அமிலத்துக்கும் நேரடியான வேதிப் பொருத்தம் எதுவும் இல்லாததால், இரண்டையும் இணைக்க இடையில் ஒரு மூலக்கூறு இருந்தாக வேண்டும் என்று 1955இல் பிரான்சிஸ் கிரிக் ஊகித்தார். அந்த இடையாள் கடத்து ஆர்.என்.ஏ. என்பதும், அதன்மேல் ஏறுவதற்கு முன்னர் அமினோ அமிலம் ஆற்றலூட்டப்படுகிறது என்பதும், பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பால் ஸாமெக்னிக்கும் மாலன் ஹோக்லண்டும் செய்த ஆய்வுகளால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தெளிவாயின. இந்த இணைப்பை நடத்துபவை இணைப்பு நொதிகள். பொதுவாக ஓர் அமினோ அமிலத்துக்கு ஒரு நொதி என்ற கணக்கில் அவை இருக்கின்றன. ஒவ்வொன்றும் தனக்குரிய அமினோ அமிலத்தை, உயிரணுவின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யுடன் சேர்த்து, அமினோ அசைல் அடினிலேட் என்ற இடைநிலைப் பொருளாக முதலில் மாற்றுகிறது. பிறகு அந்த அமினோ அமிலத்தைத் தனக்குரிய கடத்து ஆர்.என்.ஏ.யின் நுனியில் ஏற்றிவிடுகிறது. இடைநிலைப் பொருள் நொதியின் குழிவை விட்டு வெளியே வராமல் அங்கேயே இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும், ஏனெனில் இயற்கை மருந்துகளின் தந்திரம் முழுவதும் இந்தப் பிடியைப் பயன்படுத்திக்கொள்வதில்தான் அடங்கியிருக்கிறது.

இந்த நொதிகளின் பொறுப்பு எவ்வளவு பெரிது என்பதை 1962இல் ஃபிரான்சுவா ஷாப்வில்லும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்து காட்டிய சோதனை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியது. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தை அதற்குரிய கடத்து ஆர்.என்.ஏ.யின் மேல் ஏற்றிய பின்னர், நிக்கல் வினையூக்கி ஒன்றைக் கொண்டு சிஸ்டீனிலிருந்த கந்தகத்தை மட்டும் அகற்றி, அதை அலனின் என்ற வேறொரு அமினோ அமிலமாக அவர்கள் மாற்றினர். அவ்வாறு மாற்றப்பட்ட சரக்கைக் கொடுத்தபோது, சிஸ்டீன் வரவேண்டிய இடத்தில் அலனின் வந்து கோக்கப்பட்டது. ரைபோசோம் கடத்து ஆர்.என்.ஏ.யின் முகவரியை மட்டுமே பார்க்கிறது, அது சுமந்து வரும் சரக்கைச் சோதிப்பதில்லை என்பது இதனால் விளங்கிற்று. ஆகவே மரபுக் குறியீட்டில் எந்தச் சொல்லுக்கு எந்தப் பொருள் என்பதை உண்மையில் தீர்மானிக்கும் அகராதி இணைப்பு நொதிகளே. அகராதி பிழைத்தால் அச்சுக்கூடம் எவ்வளவு ஒழுங்காக இயங்கினாலும் வெளிவரும் நூல் பிழையாகத்தான் இருக்கும்.

அந்த அகராதியில் ஐசோலூசின் என்ற பதிவு தனித்த கவனத்துக்கு உரியது. ஐசோலூசினும் வேலினும் ஒரே ஒரு கரிமக் கண்ணியால் மட்டுமே வேறுபடும் இரட்டையர் போன்றவை. ஐசோலூசினுக்கு இடமளிக்கும் குழிவு அதைவிடச் சிறிய வேலினுக்கும் இடமளித்தே தீரும் என்பதால், ஐந்துக்கு ஒன்று என்ற அளவில்கூடப் பிழை நேரலாம் என்று 1950களின் பிற்பகுதியில் லைனஸ் பாலிங் கணித்தார். உயிரிகளில் அளந்து பார்த்தபோது பிழை சுமார் 3000க்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. கணக்குக்கும் கண்டதற்கும் இடையிலான இந்தப் பெரும் வேறுபாட்டை 1966இல் பால்ட்வினும் பால் பெர்க்கும் விளக்கினர்; தவறாகப் பிடித்துவிட்ட வேலினை ஐசோலூசினுக்குரிய இணைப்பு நொதி தானே நீராற்பகுத்து வெட்டியெறிகிறது என்று அவர்கள் காட்டினர். பெரியதை முதல் சல்லடை தடுக்கிறது, சிறியதை இரண்டாம் சல்லடை சலித்துக் கழிக்கிறது என்ற இரட்டைச் சல்லடைக் கருத்தை ஆலன் ஃபெர்ஷ்ட் வகுத்தார்; அந்த இரண்டு சல்லடைகளும் ஒரே நொதியில் தனித்தனி இடங்களில் அமைந்திருப்பதை 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் படிக அமைப்பின் வழியே கண்டனர். இத்தனை எச்சரிக்கையோடு ஒரு சிறு கரிமக் கண்ணியைக்கூட அடையாளம் கண்டு விலக்கும் ஒரு நொதி, ஒரு மண் பாக்டீரியா செய்து அனுப்பும் போலியிடம் ஏமாந்துபோகிறது என்பதே முபிரோசின் என்ற மருந்தின் வரலாறு.

சூடோமோனாஸ் புளோரசென்ஸ் என்பது மண்ணிலும் நீரிலும் செடிகளின் வேரோரங்களிலும் சாதாரணமாகக் காணப்படும் பாக்டீரியா. அது தன்னருகே வேறு பாக்டீரியாக்களை வளரவிடுவதில்லை என்பதை, பெனிசிலின் கண்டறியப்படுவதற்கு 41 ஆண்டுகள் முன்னரே, 1887இல் கார்ல் கார்ரே என்ற சுவிஸ் மருத்துவர் பதிவு செய்தார். அந்தப் பதிவு நெடுங்காலம் பயனின்றிக் கிடந்தது. 1971இல் நேச்சர் இதழில் சூடோமோனிக் அமிலம் என்ற பெயரில் அதன் செயல்படு பொருளை அறிவித்த கட்டுரையின் ஆசிரியர்களுள் எர்ன்ஸ்ட் செயின் இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பெனிசிலினைத் தூய்மைப்படுத்தி மருந்தாக்கியதற்காக ஃபிளெமிங்குடனும் ஃபுளோரியுடனும் 1945இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே செயின், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் கிரகாம் மெல்லோஸுடன் சேர்ந்து இந்த இரண்டாம் பொருளின் வேதி அமைப்பையும் அடுத்த சில ஆண்டுகளில் வகுத்துக் காட்டினார். பீச்சம் நிறுவனம் 1985இல் பிரிட்டனில் அதை முபிரோசின் என்ற பெயரில் களிம்பு மருந்தாக வெளியிட்டபோது செயின் உயிருடன் இல்லை. அவர் 1979இல் மறைந்துவிட்டார். பெனிசிலினின் நிழலில் இந்த இரண்டாம் உழைப்பு மறக்கப்பட்டுவிட்டது நியாயமன்று.

முபிரோசின் எங்கே தாக்குகிறது என்பதை மெல்லோஸும் ஹ்யூஸும் 1978 முதல் 1980 வரை வெளியிட்ட ஆய்வுகளில் கண்டறிந்தனர். மருந்து பட்ட பாக்டீரியாவில் புரத உற்பத்தி நின்றுபோனாலும் ரைபோசோமில் பழுதேதும் இல்லை. ஐசோலூசினை ஏற்ற வேண்டிய இணைப்பு நொதி மட்டும் முடங்கிக் கிடந்தது. மூலக்கூறின் வடிவமே காரணத்தைச் சொல்கிறது. முபிரோசின் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. அதன் ஒரு முனையில் உள்ள கிளைத்த கரிமப் பகுதி ஐசோலூசினின் பக்கக் கிளையை அப்படியே ஒத்திருக்கிறது. நடுவிலுள்ள வளையம், ஏ.டி.பி.யிலிருந்து வரும் அடினோசின் பகுதி உட்காரும் இடத்தில் சென்று உட்காருகிறது; மறுமுனையில் நீளும் ஒன்பது கரிமக் கொழுப்பமில வால் நொதியின் மேற்பரப்பில் உள்ள நீர்வெறுக்கும் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு பிடியை மேலும் இறுக்குகிறது. அதாவது, மருந்து ஐசோலூசினைப் போல நடிப்பதோடு நிற்கவில்லை, ஐசோலூசினும் ஏ.டி.பி.யும் சேர்ந்து உண்டாகும் இடைநிலைப் பொருளைப் போல நடிக்கிறது. நொதி தன் முழு வலிமையோடும் பிடித்துவைத்திருப்பது அந்த இடைநிலைப் பொருளைத்தான் என்பதால், போலிக்கும் அதே இறுக்கமான வரவேற்பு கிடைக்கிறது. உண்மையான ஐசோலூசினைவிடப் பல நூறு மடங்கு இறுக்கமாக முபிரோசின் அங்கே பதிந்துவிடுகிறது. போலியில் வினைபுரியும் இணைப்பு இல்லாததால் அடுத்த படிக்கு நகரவும் முடியாமல், உள்ளே வந்ததை வெளியேற்றவும் முடியாமல் நொதி உறைந்து நிற்கிறது. வேலினைத் தேடிக் கழிக்கும் இரண்டாம் சல்லடைக்கு இங்கே வேலையே இல்லை, ஏனெனில் போலி அந்தச் சல்லடை இருக்கும் இடத்துக்குப் போவதே இல்லை.

மனித உடலிலும் ஐசோலூசினுக்கு இணைப்பு நொதி உண்டு. அது முடங்கினால் மனிதனும் வாழ முடியாது. பாக்டீரியாவின் நொதியோடு ஒப்பிட்டால் பாலூட்டிகளின் நொதியிடம் முபிரோசினுக்குள்ள பற்று சுமார் 8000 மடங்கு குறைவு என்பதே அதை மருந்தாக்கிற்று. குழிவின் பொது அமைப்பு இரண்டிலும் ஒன்றாக இருந்தாலும், மருந்தைத் தொடும் சில இடங்களில் மட்டும் அமினோ அமிலங்கள் மாறியிருக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர் யோகோயாமாவின் குழு 2001இல் வெளியிட்ட படிக அமைப்பு அந்த இடங்களைச் சுட்டிக்காட்டியது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தனித்தனி வழிகளில் வந்த இரு குலங்களிடையே எஞ்சிய இந்தச் சிறு வேறுபாட்டின் மேல்தான் மருந்தின் பாதுகாப்பு முழுவதும் நிற்கிறது.

நொதி முடங்கிய பாக்டீரியாவுக்குள் நடப்பது வெறும் பட்டினி அன்று. ஐசோலூசின் ஏறாத வெறும் கடத்து ஆர்.என்.ஏ.கள் ரைபோசோமில் வந்து நிற்கும்போது, உணவு தீர்ந்துவிட்டது என்று உயிரணு புரிந்துகொள்கிறது; பி.பி.ஜி.பி.பி. என்ற எச்சரிக்கை மூலக்கூறு பெருகி, புதிய ரைபோசோம்கள் கட்டுவதையும் வளர்ச்சியையும் ஒட்டுமொத்தமாக நிறுத்திவிடுகிறது. சுற்றிலும் ஐசோலூசின் ஏராளமாக இருந்தாலும் உயிரணு பஞ்சகாலத்தைப் போல ஒடுங்கிவிடுகிறது. குறைந்த அளவில் முபிரோசின் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுத்து நிறுத்துவதோடு நிற்பதற்கும், களிம்பிலுள்ள 2 விழுக்காட்டுச் செறிவில்தான் கொல்லும் மருந்தாக மாறுவதற்கும் இதுவே அடிப்படை.

இவ்வளவு நுட்பமான மருந்து ஏன் களிம்போடு நின்றுவிட்டது என்ற கேள்வி எழுவது இயல்பு. முபிரோசினின் தலைப்பகுதியையும் வாலையும் இணைப்பது ஓர் எஸ்டர் பிணைப்பு. இரத்தத்துக்குள் சென்றால் அந்தப் பிணைப்பு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான காலத்தில் பெரும்பாலும் அறுந்து, செயலற்ற மோனிக் அமிலமாகிவிடுகிறது. எஞ்சுவதும் இரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு பயனற்றுப் போகிறது. ஆனால் தோலின் மேல் இந்தக் குறை இல்லை; தோலின் இலேசான அமிலத்தன்மையில் மருந்து இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது, தோலில் இயல்பாக வாழும் வேறு பல பாக்டீரியாக்களை அவ்வளவாகத் தொடுவதுமில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் சீழ் உண்டாக்கும் பாக்டீரியா ஏறத்தாழ மூன்றில் ஒருவரின் மூக்குத் துவாரத்தில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. அறுவைச் சிகிச்சையின்போது அதுவே காயத்துக்குள் புகுந்து உயிருக்கு உலை வைக்கிறது. நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஆய்வில், மூக்கில் இந்தப் பாக்டீரியாவைச் சுமந்த நோயாளிகளுக்கு முபிரோசின் களிம்பும் குளோர்ஹெக்சிடின் சோப்பும் கொடுத்தபோது மருத்துவமனையில் தொற்றியோர் விகிதம் 7.7 விழுக்காட்டிலிருந்து 3.4 விழுக்காடாகக் குறைந்தது. இரத்தத்தில் நில்லாத ஒரு மருந்து, மூக்கின் வாசலில் நின்று காத்த காவல் இது.

இங்கே ஒரு கேள்வியைத் தவிர்க்க இயலாது. முபிரோசினை உண்டாக்கும் சூடோமோனாஸும் பாக்டீரியாதான். அதற்கும் ஐசோலூசினை ஏற்றும் நொதி வேண்டும். அப்படியிருக்க, தன் நஞ்சால் அது ஏன் சாவதில்லை? சுமார் 75,000 எழுத்துகள் நீளும் அதன் முபிரோசின் மரபணுத் தொகுதியை 2003இல் பர்மிங்ஹாம் ஆய்வாளர்கள் முழுமையாகப் படித்தபோது, மருந்தைக் கட்டும் நொதிகளுக்கான மரபணுக்களின் நடுவிலேயே ஐசோலூசினுக்குரிய இன்னொரு இணைப்பு நொதியின் மரபணுவும் இருப்பது தெரிந்தது. அந்த இரண்டாம் நொதி முபிரோசினால் முடங்குவதில்லை. நஞ்சைச் செய்யும் குறிப்பும் அதைத் தாங்கும் நொதியும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒன்றைப் பெற்ற வாரிசு மற்றதையும் பெற்றே தீரும். இத்தகைய எதிர்ப்பு நொதிகளில் சில தங்கள் செயல்மையத்தையே மாற்றிக்கொண்டு தப்புகின்றன என்பதை ஸாக்ரெப், சூரிச் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினர்; இணைப்பு நொதிகளின் இரு வகுப்புகளுள் ஐசோலூசின் நொதி சேர்ந்த வகுப்பில் மாறாமல் இருந்துவந்த நான்கு அமினோ அமிலங்களைக் கொண்ட ஒரு முத்திரை வரிசையில் முதலாவதும் மூன்றாவதும் இடம் மாறிக்கொண்டிருந்தன; சாதாரண நொதியில் அந்த மாற்றத்தைச் செய்தால் அது செயலிழந்துவிடும், எதிர்ப்பு நொதியோ அதைத் தாங்கிக்கொண்டு வேலையும் செய்கிறது. ஆக, மருந்துக்கு எதிர்ப்பு என்பது மருத்துவமனையில் மனிதனின் தவறால் முதன்முதலாக உண்டானது என்று எண்ணுவது சரியன்று. மருந்து பிறந்த அன்றே எதிர்ப்பும் உடன் பிறந்துவிட்டது. மனிதனின் பங்கு அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரவவிட்டதுதான், அந்தப் பங்கும் சிறிதன்று.

களிம்பு வெளியான இரண்டே ஆண்டுகளில், 1987இல், லண்டன் மருத்துவமனை ஒன்றிலிருந்து முபிரோசினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு இரண்டு வகையாக வருகிறது. பாக்டீரியாவின் சொந்த நொதியில் ஒரே ஓர் எழுத்துப் பிழை நேர்ந்து, 588ஆம் இடத்தில் வேலின் இருந்த இடத்தில் அதைவிடப் பருத்த ஃபினைல் அலனின் வந்து உட்கார்ந்தால், மருந்தின் பிடி தளர்ந்து சிறிதளவு எதிர்ப்பு உண்டாகிறது. களிம்பின் செறிவு மிக அதிகம் என்பதால் இதைப் பெரும்பாலும் சமாளிக்கலாம். இரண்டாவது வகைதான் ஆபத்தானது. மூப்-ஏ என்ற மரபணு தரும் முற்றிலும் வேறான இணைப்பு நொதி பாக்டீரியாவின் சொந்த நொதியோடு சுமார் 30 விழுக்காடு மட்டுமே ஒத்துப்போகிறது. சில வகையில் அது உயர்வகை உயிரிகளின் நொதியைப் போன்றது. இம்மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அமர்ந்து ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பதால், ஒரு நோயாளியின் தோலில் வாழும் சாதுவான ஸ்டெஃபைலோகாக்கஸ் இனங்கள்கூட அதைத் தேக்கிவைத்து, பின்னர் கொடிய இனத்துக்குக் கைமாற்ற முடியும்.

இணைப்பு நொதியைப் போலியால் முடக்கும் இதே உத்தியை வேளாண்மை ஆய்வும் தனக்குரிய வழியில் கண்டடைந்தது. பீச், பாதாம் போன்ற மரங்களின் வேரும் தண்டும் சேரும் இடத்தில் கழலை போன்ற வீக்கத்தை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியத்தை அடக்க, அதன் உறவினமாகிய தீங்கற்ற பாக்டீரியம் ஒன்றைப் பயன்படுத்தலாம் என்று 1970களின் தொடக்கத்தில் தென் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஆலன் கெர் காட்டினார். 1960களில் இலங்கைத் தேயிலை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றி, தேயிலையின் கொப்புள நோய் பரவும் விதத்தை ஆராய்ந்தவர் அவர். கன்றுகளை நடுவதற்கு முன் அந்த நல்ல பாக்டீரியம் கலந்த நீரில் வேரை நனைத்தால் கழலை வருவதில்லை. அது சுரக்கும் அக்ரோசின் 84 என்ற பொருள் லூசினுக்குரிய இணைப்பு நொதியை முடக்குகிறது என்பது 2005இல்தான் தெளிந்தது. முபிரோசினைப் போலவே அதுவும் இடைநிலைப் பொருளின் போலி. நோய்க்கிருமி தானாகவே அதை உள்ளே இழுத்துக்கொள்வதுதான் வியப்பு. கழலையில் மரத்தைக் கொண்டு செய்வித்துக்கொள்ளும் ஒரு தனிவகைச் சர்க்கரைப் பொருளே அந்தக் கிருமியின் உணவு. அக்ரோசின் அந்த உணவின் வேடத்தில் வருகிறது. எனவே மரத்தைக் கொள்ளையடிக்கும் வாயைத் திறந்த கிருமியே நஞ்சையும் உண்கிறது. வாய் திறக்காத அக்கம்பக்கத்து மண் பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்கின்றன. இங்கும் நஞ்சு செய்யும் பாக்டீரியம் அடங்காத இரண்டாம் லூசின் இணைப்பு நொதி ஒன்றைத் தன் பிளாஸ்மிடில் வைத்திருக்கிறது. அந்த பிளாஸ்மிட் நோய்க்கிருமிக்குத் தாவிவிட்டால் மருந்து பயனற்றுப்போகும் என்பதை உணர்ந்த கெர், தாவுவதற்கு வேண்டிய பகுதியை வெட்டியகற்றிய புதிய வகையை உருவாக்கினார். 1980களின் இறுதியில் அது ஆஸ்திரேலிய உழவர்களிடம் விற்பனைக்கு வந்தது. எதிர்ப்பு வந்த பின் வருந்தாமல் வருமுன் காத்த இந்தச் செயல் மருத்துவத் துறைக்கு இன்றும் வாய்க்காத முன்யோசனை.

வேடம் பூண்டு நுழையும் முறையில் இன்னொரு பெயரும் குறிப்பிடத்தக்கது. உயிரினங்களின் போட்டியைப் பற்றிய ஆய்வால் பெயர்பெற்ற சோவியத் அறிஞர் காஸ் விரிவாக ஆராய்ந்த அல்போமைசின், மண் நுண்ணுயிர் ஒன்று சுரப்பது. பாக்டீரியாக்களுக்கு இரும்பு அரிய பொருள் என்பதால், இரும்பைக் கவ்விக்கொண்டு வரும் மூலக்கூறுகளை அவை ஆவலோடு உள்ளே அழைத்துக்கொள்கின்றன. அல்போமைசினின் முன்பகுதி அத்தகைய இரும்பு தாங்கி, பின்பகுதி செரினுக்குரிய இணைப்பு நொதியை முடக்கும் நஞ்சு. உள்ளே வந்ததும் பாக்டீரியாவின் சொந்த நொதியே இரண்டையும் பிரித்து நஞ்சை விடுவிக்கிறது. மெய்ப்பொருள் நாயனாரிடம் திருநீற்றுக் கோலத்தில் வந்து, ஏட்டுக்கட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்த ஆயுதத்தை உருவிய முத்தநாதனின் வழி இதுதான். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாக்களில் சில சுரக்கும் மைக்ரோசின் சி ஏழு அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதத் துணுக்காக நுழைந்து, உள்ளே வெட்டப்பட்டு, அஸ்பார்ட்டிக் அமிலத்துக்குரிய நொதியைப் பிடிக்கும் போலியாக மாறுகிறது.

இத்தனை இருந்தும் இவற்றுள் முபிரோசின் ஒன்றே உலகெங்கும் பாக்டீரியா நோய்க்கான மருந்தாக நிலைத்தது ஏன் என்பது சிந்திக்க வேண்டியது. போரலிடின் என்ற இயற்கைப் பொருள் திரியோனினுக்குரிய இணைப்பு நொதியின் அமினோ அமிலக் குழிவு, ஏ.டி.பி. குழிவு, கடத்து ஆர்.என்.ஏ. அமரும் இடம் ஆகிய அனைத்தையும் ஒருசேர அடைத்துக்கொள்ளும் ஆற்றலுடையது. ஆனால் மனித நொதியையும் அதே வேகத்தில் அடைத்துவிடுவதால் அது மருந்தாகாமல் நஞ்சாகவே நின்றுவிட்டது. அல்போமைசினைப் போல இரும்பு வழியில் வருவதை, அந்த வாசலையே அடைத்துக்கொண்டு பாக்டீரியா தவிர்த்துவிட முடியும். இயற்கையைப் பின்பற்றி ஆய்வுக்கூடத்தில் செய்யப்பட்ட மருந்துகளும் எளிதில் தேறவில்லை. லூசின் இணைப்பு நொதியின் சல்லடையை அடைக்கும் போரான் மருந்தாகிய தவபோரோல் கால்நகப் பூஞ்சைக்கு 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது என்றாலும், அதே வழியில் சிறுநீர்த் தொற்றுக்குச் சோதிக்கப்பட்ட எபெட்ராபோரோல், சிகிச்சையில் இருந்த நோயாளிகளிடமே சில நாள்களுக்குள் எதிர்ப்பு தோன்றியதால் 2012இல் நிறுத்தப்பட்டது. ரைபோசோமின் ஆர்.என்.ஏ.க்குப் பாக்டீரியாவின் மரபுத்தொகுப்பில் பெரும்பாலும் பல படிகள் இருப்பதால் ஒரு படியில் நேரும் மாற்றம் உடனே பலன் தருவதில்லை. இணைப்பு நொதிக்கோ பெரும்பாலும் ஒரே மரபணு, அதில் ஓர் எழுத்து மாறினாலே எதிர்ப்பு வந்துவிடும். இலக்கு தனித்து நிற்பது மருந்துக்கு வலிமையாகவும் அதே அளவில் பலவீனமாகவும் அமைந்துவிடுகிறது.

ஆகவே முபிரோசினின் ஆயுள் மருந்தைப் பயன்படுத்துவோரின் கையில்தான் இருக்கிறது என்பதற்கு நியூசிலாந்தே சான்று. 1990களில் அங்கு மருத்துவர் சீட்டு இல்லாமலேயே மருந்துக்கடைகளில் அது விற்கப்பட்டு, சிறு காயத்துக்கும் தோல் அரிப்புக்கும் தாராளமாகப் பூசப்பட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அந்நாட்டு ஸ்டெஃபைலோகாக்கஸில் கணிசமான பங்கு முபிரோசினுக்கு அடங்காததாகிவிட்டது. 2000இல் விற்பனை கட்டுப்படுத்தப்பட்ட பின்னர், பூஞ்சையிலிருந்து கிடைத்து, புரத உற்பத்தியையே வேறோர் இடத்தில் தடுக்கும் பியூசிடிக் அமிலக் களிம்பு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பின்னர் அதற்கும் எதிர்ப்பு பரவியது. இந்தியாவில் முபிரோசின் களிம்பு பல வணிகப் பெயர்களில் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன் மூக்கைத் தூய்மைப்படுத்த அது பொதுவாக நாளுக்கு இருமுறை ஐந்து நாள் மட்டுமே பூசப்படுகிறது. அந்த ஐந்து நாளுக்கு அப்பால் எஞ்சும் களிம்பை வீட்டில் எடுத்துவைத்து அடுத்தவரின் கொப்புளத்துக்குப் பூசுவதை வாசகர்கள் கைவிட வேண்டும்.